மூன்றாவது மாத்திரை

மரியநாதன் மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் ஓர் அம்மாளுக்குச் சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது என்பது, அந்த ஆண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டாங் கட்டைத் தோட்டத்துக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

லாபிஸ் நகரில் தண்டவாளத்தைக் கடந்து, செம்பனை இருபுறமும் நெருங்கி இருளும் சாலையில் பன்னிரண்டு மைல் உள்ளே போனால் வரும் தோட்டம் அது. நாற்பது வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், அதற்கு எதிரே தகரக் கூரையிட்ட அந்தோணியார் சிற்றாலயம். வைகறையில் மட்டைகளினின்று பனி சொட்டும்; நண்பகலில் மண் வேகும்; மூன்று மணிக்கு மேல் மேற்குக் கறுத்து, இடி இறங்கி, மழை வந்து அன்றைய வேலையை முடித்து வைக்கும். மரியநாதன் குலை வெட்டுகிறவர். நீண்ட கோலின் நுனியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை அண்ணாந்து, ஒரே இழுப்பில் மட்டையையும் மறு இழுப்பில் குலையையும் மண்ணுக்குக் கொண்டு வருவார். அவர் பின்னே குனிந்தபடி உதிரிப் பழம் பொறுக்குவது அவர் மனைவி செசிலியாவின் வேலை. அண்ணாந்தவரும் குனிந்தவளுமாக இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே நிரையில் நடந்தவர்கள் அவர்கள்.

சென்ற கிறிஸ்து பிறப்புக்கு முன்னரே அவருக்கு இருமல் கண்டது. தை பிறக்கும்போது அரிவாள்கோலைத் தூக்கக் கை வரவில்லை. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். அன்று முதல் நாள்தோறும் காலையில், வெறும் வயிற்றோடு, தம் பழைய மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு மைல் போய், நகரத்துக் கிளினிக்கில் செல்வராணி மிஸ்ஸியின் கண்முன்னே மருந்தை விழுங்கிவிட்டு வந்தார். தோட்டத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் செசிலியாவும் கூடப் போயிருந்தாள்.

"வாயத் தொறங்கண்ணே. நாக்கத் தூக்குங்க. ம்ம், போயிருச்சு."

"ஏன் மிஸ்ஸி, என் மேல அவ்வளவு சந்தேகமா? இவகூட என் வாய்க்குள்ள இப்படி எட்டிப் பாத்ததில்ல."

"அக்காவுக்கு நீங்க ஒரே ஆளு. எனக்கு நீங்க கடைசி ஆளு. அதான் வித்தியாசம்" என்று சொல்லி மிஸ்ஸி சுவரைக் காட்டினாள்.

சுவரில் அவள் கையால் கட்டம் போட்டு ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்கள் இடப்புறத்தில், ஆண்டுகள் மேலே. பன்னிரண்டாங் கட்டையின் வரிசையில் பதினொன்று, ஏழு, நான்கு, இரண்டு என்று எண்கள் படியிறங்கி வந்து, அந்த ஆண்டின் கட்டத்தில் ஒன்று என நின்றது. அடுத்த கட்டத்தில் பென்சிலால் மெல்லிய வட்டம் ஒன்று வரைந்திருந்தது.

"இது சைபருக்கு வெச்ச எடம். ரெண்டாயிரத்து முப்பதுக்குள்ள ஒலகத்திலேயே இந்த நோய ஒழிக்கணும்னு எல்லா நாடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. நம்ம தோட்டம் ஒம்போது வருஷம் முன்னாலேயே முடிச்சிடும். பன்னெண்டு வருஷமா நான் லயம் லயமா ஏறி எறங்கினது இந்த ஒரு முட்டைக்குத்தான்."

"அப்ப நான் முழுங்கி முடிச்சா எனக்கு மாலை போடுவீங்களா?"

"மாலை என்ன, ஒங்க வீட்டுக்கே வந்து கோழி அடிச்சுத் திங்கிறேன். முழுசா முழுங்குங்க. சொகமாயிருச்சேன்னு நடுவுல விட்டீங்க, அந்தக் கிருமி மருந்துக்கே பழகிப் போயிரும். அப்பறம் எந்த மாத்திரைக்கும் மசியாது. மூத்திரம் செவப்பாப் போகும், பயப்படாதீங்க. செவப்பாப் போச்சுன்னா மருந்து ஒடம்புல ஓடுதுன்னு அர்த்தம்."

இந்தச் சொற்களுள் இறுதியாகச் சொன்னதையே செசிலியா இறுகப் பற்றிக்கொண்டாள். முன்னே சொன்னது மருத்துவச் செய்தி. பின்னே சொன்னது கண்ணால் காணக்கூடியது.

மார்ச்சு மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, மிஸ்ஸி முகக்கவசம் அணிந்திருந்தாள். கிளினிக் வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு பையையும் மடித்த அட்டை ஒன்றையும் செசிலியாவின் கையில் வைத்தாள்.

"அக்கா, கொரோனாவுக்காக நாளையிலருந்து எம்சிஓ, யாரும் வெளிய நடமாடக் கூடாது. எல்லாம் மூடுறாங்க. அண்ணன் தெனமும் வர வேணாம். மருந்த மாசத்துக்கு ஒரு தடவ லாரியில அனுப்பி வைப்பாங்க. ஒரு நாளைக்கு மூணு மாத்திரை. இனிமே நீங்கதான் மிஸ்ஸி."

"நானா? நான் எஸ்டேட்டு ஸ்கூல்ல ஆறாவதுதானே."

"டிக் போட ஆறாவது எதுக்குக்கா? கண்ணு இருந்தாப் போதும். அவர் முழுங்கினதப் பாத்த பெறகுதான் அந்தந்த நாள் கட்டத்துல டிக் போடணும். முன்னாடியே போட்டு வெச்சிடக் கூடாது."

"மாதா சத்தியமா மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும். அதனாலதான் ஒங்ககிட்ட தர்றேன்." மிஸ்ஸி சற்றுத் தயங்கினாள். "ஜோஆனுக்கும் ஒங்களுக்கும் வியாழக்கெழம எக்ஸ்ரே இருந்துச்சுல்ல? அதத் தள்ளி வெச்சிட்டாங்க. தேதி வந்ததும் நானே கூப்பிடுறேன்."

மிஸ்ஸி கூப்பிடவில்லை. ஒரு வாரத்தில் அவளைத் தொற்றுச் சோதனைக்கென்று ஸ்கூடாய்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜோஆன் அவர்களின் இளையவள், பதினேழு வயது, அந்த ஆண்டு பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வு எழுத வேண்டியவள். மூத்தவன் மார்கஸ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். எல்லை மூடிய அன்று அக்கரையிலேயே தங்கிப் போனான். ஜோஆனுக்கு இறைவன் தந்த செல்வம் அவள் குரல். அந்தோணியார் கோயிலில் மரியநாதன் ஆர்மோனியம் வாசிக்க அவள் பாடத் தொடங்கினால், எதிரே மாரியம்மன் கோயில் பூசாரி மணியை நிறுத்திவிட்டுக் கேட்பார் என்பது தோட்டத்தார் வழக்கமாகச் சொல்லும் பெருமை. அதில் பாதியாவது உண்மை.

கிறிஸ்து தம் சீடருக்கு அப்பம் பிட்டுக் கொடுத்த பெரிய வியாழன் வந்தது. கோயிலுக்குப் பூட்டு. பன்னிரண்டாங் கட்டையின் கத்தோலிக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அன்று மாலை வீட்டுக்கு ஒரே அப்பம்தான் சுடுவார்கள். குடும்பத் தலைவர் அதைப் பிட்டுக் கொடுப்பார். அன்று எவரும் எதையும் முழுதாக உண்பதில்லை. மரியநாதன் வீட்டில் இந்த வழக்கம் ஆண்டில் ஒரு நாளோடு நிற்காமல், எல்லா நாளுக்கும் படர்ந்துவிட்டது. ஒரு முட்டை என்றால் மூன்று துண்டு. ஒரு கோப்பை மைலோ என்றால் மூன்று வாய். காய்ச்சல் கண்டவருக்கு வாங்கி வந்த ஆரஞ்சைக்கூடக் காய்ச்சல் இல்லாதவர்களும் ஒரு சுளை வாங்கிக்கொள்வார்கள். வாங்காவிட்டால் காய்ச்சல்காரருக்கு இறங்காது.

ரொட்டிக்காரர் வராததால் செசிலியா கோதுமை மாவைப் புளிக்க வைக்காமல் பிசைந்து கல்லில் சுட்டாள். மரியநாதன் குளித்து வெள்ளை வேட்டி கட்டி மேசையருகே நின்றார். கைப்பேசித் திரையில் மார்கஸ் இருந்தான். அவனும் ஒரு பன் ரொட்டியை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் திரைக்குக் காட்டினான்.

"அது யாருக்குடா?"

"ஒங்களுக்குத்தான்பா. பார்டர் தொறந்ததும் எடுத்துட்டு வரேன்."

"அலமாக், அதுக்குள்ள பூசணம் பிடிச்சிரும்லா" என்றாள் ஜோஆன். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் பாடினாள். முன்னொரு காலத்தில் தோட்டப் பள்ளியில் இருந்த வாத்தியார் ஒருவர் கட்டிய பாட்டு அது. பன்னிரண்டாங் கட்டையை விட்டு வெளியே எங்கும் போனதில்லை.

உடைத்தாய் உன்னை எமக்காக - நாங்கள்
உடையா தொருநாள் வாழ்வோமோ?

இரண்டாம் அடியில் 'ஒருநாள்' என்ற இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். ஏறியது, நடுவழியில் முறிந்தது. ஜோஆன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். மரியநாதனும் செசிலியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த இருமலின் ஒலி அவ்வீட்டுக்குப் பழகிய ஒலி.

"மாவுத் தூசும்மா" என்றாள் மகள்.

அன்று முதல் பத்து நாளும் மாவுத் தூசாகவே இருந்தது. பிறகு பின்வரிசையில் இருந்த கிருஷ்ணம்மா தனிமை முகாமிலிருந்து திரும்பி வந்தாள். அவள் கணவர் ஆலைக்குக் குலை ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டியவர். காய்ச்சல் என்று சொன்ன மறுநாள், வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிய நால்வர் வந்து இருவரையும் ஏற்றிப் போனார்கள். வேலிக்கு அப்புறம் நின்றபடி கிருஷ்ணம்மா சொன்னாள், கிட்டே வரவில்லை.

"நான் ஒரு ரூம்பு, அவரு வேற எடம். எந்த எடம்னு எனக்குத் தெரியல. ஒம்பதாம் நாளு போன் பண்ணாங்க. ஆளு போயிட்டாருன்னு. போட்டோதான் காமிச்சாங்க செசிலியா. பெட்டி போட்டோ. அதுக்குள்ள இருந்தது அவருதானான்னு நான் யாரக் கேக்கட்டும்?"

"அழாதீங்கக்கா."

"அழுதுட்டேன். முடிஞ்சுது. ஒன்னு மட்டும் சொல்றேன். ஒங்க வீட்டு ராத்திரிச் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேக்குது. அந்தப் பிள்ளைய வெளிய காட்டாத. இருமுறவங்களத்தான் மொதல்ல ஏத்துறாங்க."

மறுநாள் விடியலில் செசிலியா வழக்கம்போல் மூன்று மாத்திரைகளையும் ஒரு தட்டிலும், வெந்நீரை ஒரு குவளையிலும் கொண்டுவந்து மரியநாதன் முன்னே வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

"பாப்பாவக் கூப்பிடு."

"எதுக்குங்க? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். போலிஸ்ட்ட இந்த அட்டையக் காட்டினா விட்டுருவாங்க."

"விடுவாங்க. அங்க போயி இருமினா? இது எனக்கு வந்த நோயிதான், கொரோனா இல்லன்னு அவனுக்குத் தெரியுமா? மொதல்ல வண்டியில ஏத்துவான்; பெறகுதான் கேப்பான். மிஸ்ஸி இருந்தா நான் கண்ண மூடிட்டு அனுப்புவேன். மிஸ்ஸி எங்க?"

"நாலு தடவ போன் போட்டேன். எடுக்கல."

"அதான். எனக்கு வந்த நோயிதான் அதுக்கும் வந்திருக்கு. நோயி ஒன்னுன்னா மருந்தும் ஒன்னுதானே? எனக்கு இப்ப இருமலே இல்ல. ரெண்டு கிலோ ஏறிட்டேன். என்னால இப்ப அரிவாளத் தூக்க முடியுது."

"மூணும் ஒங்களுக்குன்னுதான் மிஸ்ஸி சொன்னாங்க."

மரியநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் சினம் இல்லை, வியப்புத்தான் இருந்தது.

"நம்ம வீட்ல எவன் செசிலி முழு ரொட்டி தின்னான்?"

இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் அவள் கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. ஜோஆன் வந்து உட்கார்ந்தாள். மரியநாதன் ஒரு மாத்திரையை மகளின் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றைத் தாம் எடுத்துக்கொண்டார். மூன்றாவதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, செந்நிறப் பொடி சற்றும் சிந்தாமல், சரிபாதியாகப் பிட்டார். பிட்டதில் ஒன்று சிறிது பெரிதாக இருந்தது. பெரியதை மகளுக்குக் கொடுத்தார். மேசையில் ஒட்டியிருந்த துகளையும் விரல்நுனியால் தொட்டு அவள் நாவில் வைத்தார்.

இருவரும் விழுங்கினார்கள். செசிலியா கண்ணால் கண்டாள். அட்டையை விரித்து, அன்றைய கட்டத்தில் டிக் போட்டாள். பொய் என்று அவள் உள்ளம் ஒரு கணமும் உறுத்தவில்லை. விழுங்கியதைப் பார்த்தபின் போடச் சொன்னார்கள், பார்த்தபின் போட்டாள். எத்தனை என்று கேட்க அந்தக் கட்டத்துக்கு வாய் இல்லை.

அதற்குப் பின் வந்த மூன்று மாதங்களும் அவ்வீட்டில் நன்றியின் மாதங்களாகக் கழிந்தன. ஜோஆனின் மூத்திரமும் செந்நிறமாகப் போயிற்று. தாயும் மகளும் அதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள். இருமல் தணிந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் கைப்பேசிக்கு அலை கிடைக்கும். ஜோஆன் குடையும் புத்தகமுமாக அங்கே ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டாள். மரியநாதன் வேலைக்குத் திரும்பினார். மாலையில் மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் மூன்று பங்காயின. காலையில் மருந்து விழுங்கியதும் மகள் தாயைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு டிக் வரைவாள். தாய் அட்டையில் போட்டுவிட்டுத் தானும் காற்றில் ஒன்று வரைவாள். விளையாட்டாகத் தொடங்கிய அது அவ்வீட்டின் மொழியாயிற்று. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டாலும் டிக். மழைக்கு முன் துணி எடுத்தாயிற்றா என்று கேட்டாலும் டிக்.

ஜூலை மாதம் கிளினிக்கிலிருந்து அறியாத குரல் ஒன்று கூப்பிட்டது.

"மரியநாதன் வீடா? மருந்து முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு மிஸ்ஸி. ஒரு நாளும் தவறல."

"கார்டுல எல்லாக் கட்டமும் டிக் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. சளி டெஸ்ட்டுக்கு எப்ப வரணும்? எக்ஸ்ரே ஒன்னு பாக்கி இருந்துச்சு."

"லேப்ல இப்ப முழுக்க கோவிட் சாம்பிள்தான் அக்கா. சுசா லா, ரொம்பக் கஷ்டம். கார்டு ஃபுல்லா இருந்தாப் போதும். போட்டோ எடுத்து அனுப்புங்க."

மருந்து நின்று இரண்டு மாதம் சென்ற பின், தொட்டி மேட்டில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஜோஆன் இருமினாள். வரலாற்றுப் புத்தகத்தின் இரு பக்கங்களிலும் இரத்தம் தெறித்தது. அவள் அலறவில்லை, புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, மழைக்குள் மெல்ல இறங்கி வந்தாள். அதே வாரத்தில் மரியநாதனின் சளியும் நிறம் மாறியது.

பெரிய மருத்துவமனையில் சோதித்தார்கள். முடிவு வந்த நாளில் வீட்டு வாசலில் வந்து நின்றது, ஸ்கூடாயிலிருந்து திரும்பியிருந்த செல்வராணி மிஸ்ஸி. இளைத்திருந்தாள். முகக்கவசத்தின் வார் அழுத்திய தழும்பு காதின் பின்னே கறுத்திருந்தது. செசிலியா அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மிஸ்ஸி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு நாளும் விடலியாக்கா?"

"ஒரு நாளும் விடல."

"அப்பறம் எப்படி? ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி. பழைய மருந்து எதுக்கும் மசியாத கிருமி. முழுசா சாப்பிட்ட ஆளுக்கு இப்படி வரக் கூடாதே. ஒரு நாளைக்கு எத்தன சாப்பிட்டாரு?"

"ஒன்ற."

"என்ன ஒன்ற?"

"அவரு ஒன்ற. பாப்பா ஒன்ற."

வாசல் தகரத்தில் மழை தொடங்கியது. மிஸ்ஸி படியில் உட்கார்ந்தாள். இரு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?"

"போன் போட்டேன் மிஸ்ஸி."

"எப்ப?"

"நாலு தடவ."

மிஸ்ஸி தன் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள். ஏப்ரல் மாதத்துக்குப் போனாள் என்பது அவள் விரல் தள்ளிய தொலைவில் தெரிந்தது. பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த வெள்ள உடுப்புப் போட்டா போன எடுக்க முடியாதுக்கா. ஒரு நாளைக்கு முந்நூறு மூக்கு. ஒங்க பேரு இருக்கு. நாலு தடவையும் இருக்கு. யாரோ சும்மா கூப்பிடுறாங்கன்னு விட்டுட்டேன்."

உள்ளிருந்து மரியநாதன் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு வந்தார்.

"மிஸ்ஸி, தப்பு என்னோடது. பங்கு போட்டது நான்."

"விஷத்தப் பங்கு போட்டாத்தான்ணே பாதியாகும். மருந்தப் பங்கு போட்டா அது மருந்தே இல்ல. கிருமி ரெண்டு பேருக்குள்ளேயும் ஒக்காந்து நல்லா சண்டை கத்துக்கிச்சு." இதைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்தியவளாய் அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒங்க வீட்டுல வந்து கோழி அடிச்சுத் திங்கிறேன்னு சொன்னேன்ல? சொல்லாம இருந்திருக்கலாம்."

பாதிப் பாதியாகப் பகிர்ந்தவர்களுக்குத் தண்டனை பாதிப் பாதியாக வரவில்லை. மரியநாதனுக்குக் கடுமையான மாத்திரைகள் பலித்தன. ஜோஆனின் ஒரு பக்க நுரையீரல் பாழாகியிருந்ததால் ஊசியும் வேண்டும் என்றார்கள். நாள்தோறும் ஓர் ஊசி. அவ்வூசி காதைத் தின்னக்கூடும்; மாதம் ஒரு முறை செவியைச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் சோதனை நடந்தது. இரண்டாவதற்கு முன் செவிப் பிரிவில் தொற்று என்று மூடினார்கள். மூன்றாவது தள்ளிவைக்கப்பட்டது. தேர்வுக்காலம் வந்து போயிற்று, அவள் எழுதவில்லை.

"அம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்றாள் ஒரு நாள்.

"தோட்டத்துல எப்பவும் கத்துறதுதானேம்மா."

"இது பகல்லயும் கத்துதும்மா."

மறுநாள் செசிலியா அதை ஊசி போட வந்த மிஸ்ஸியிடம் சொன்னாள். மிஸ்ஸி மூன்று இடங்களுக்குப் போன் போட்டாள். இம்முறை எதிர்ப்புறத்தில் எடுக்காதவர்கள் வேறு யாரோ. ஊசியை நிறுத்தும் ஆணை வருவதற்குள் பத்தொன்பது நாள் சென்றன. நிறுத்தினால் உயிர் போகும், போட்டால் செவி போகும் என்ற நிலையில் ஆணையிடவும் எவருக்கும் துணிவில்லை. சில்வண்டு ஒரு நாள் நின்றது. அதனோடு மழையின் ஒலியும், தாயின் ஒலியும் நின்றன.

உயிர் மிஞ்சியது. அதற்காகச் செசிலியா நாள்தோறும் நன்றி சொன்னாள். சொல்லும்போது தலையை நிமிர்த்தி மாதாவின் முகத்தைப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

கிளினிக்குச் சுவரில் மிஸ்ஸியின் அட்டை மேல் கை கழுவும் முறையைக் காட்டும் படம் ஒட்டியிருந்தார்கள். ஈராண்டு கழித்து ஒரு நாள் அதன் ஓரம் பிரிந்து தொங்கியபோது, செசிலியா பழைய வரிசையைப் பார்த்தாள். பென்சில் வட்டம் அழிக்கப்படாமல் இருந்தது. அதற்குள் மிஸ்ஸியின் கையெழுத்தில் இரண்டு என்று இருந்தது. மேலும் கீழும் இருந்த தோட்டங்களின் கட்டங்களில் மூன்று, ஆறு, எட்டு என எண்கள் மீண்டும் படியேறத் தொடங்கியிருந்தன.

ஈராயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, ஏப்ரல் முதல் நாள் எல்லை திறந்தது. மார்கஸ் வந்தான். வேலிக்கதவைத் தள்ளும்போதே "ஜோ!" என்று கூவினான். குழாயடியில் முதுகு காட்டி அரிசி களைந்துகொண்டிருந்த தங்கை திரும்பவில்லை. "ஏய், ஜோ!" என்றான் மறுபடியும், சிரித்துக்கொண்டே. ஓராண்டுக்கு மேலாகக் கைப்பேசியில் எழுத்தாகப் பேசியவன், நடந்ததை அறிந்தவன், அறிந்ததைத் தன் செவியால் கேட்டது அப்பொழுதுதான். பையை மண்ணில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னே நின்றான்.

"அண்ணா! எப்ப வந்தே?" ஜோஆனின் குரல் வேண்டியதற்கும் மேலே உயர்ந்து ஒலித்தது. "கூப்பிட்டிருக்கலாம்ல?"

மார்கஸ் பையைத் திறந்து ஒரு பன் ரொட்டியை எடுத்து, பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த பாதியை அவன் தந்தையிடம் நீட்டியபோது, மரியநாதன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ சாப்பிடுப்பா" என்றார். "முழுசா சாப்பிடு."

அந்தப் பெரிய வியாழன் அந்தோணியார் கோயிலைத் திறந்தார்கள். வௌவால் எச்சத்தைப் பெண்கள் கழுவிவிட்டார்கள். பொழுது சாய, மழை விட்ட ஈரத்தில், பெஞ்சுகள் நிரம்பின. செல்வராணி மிஸ்ஸி கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கோயிலுக்கு உரியவள் அல்லள். ஏன் வந்தாள் என்று எவரும் கேட்கவில்லை. மரியநாதன் ஆர்மோனியத்தின் துணியை நீக்கி, கட்டைகளை ஒருமுறை தடவிப் பார்த்து, வாத்தியார் பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்தார். ஈராண்டாகப் பாடாத சபை தொண்டையைச் செருமிக்கொண்டது.

அப்பொழுது ஜோஆன் எழுந்தாள். அவளைப் பாடச் சொன்னவர் இல்லை. தந்தையின் விரல் எந்தக் கட்டையில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாள். கண்களை மூடினாள், பாடினாள்.

உடைத்தாய் உன்னை எமக்காக…

சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தன. தாளமும் அவள் உடலுக்குள் இருந்தது. சுருதி மட்டும் எங்கோ வேறிடத்தில் நின்றது. ஆர்மோனியம் ஒரு வழியும் அவள் ஒரு வழியுமாகப் போயினர். முன்பெஞ்சில் குழந்தை ஒன்று சிரித்தது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். மரியநாதன் அவசரமாக அடுத்த கட்டைக்கு மாறினார், அதற்கடுத்ததற்கு மாறினார். மகள் நின்ற இடம் இரு கட்டைகளுக்கும் நடுவே இருந்தது. அங்கே வைக்கக் கட்டை இல்லை. அவர் துருத்தியை மெல்ல மூடினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தம் சுருதியை விட்டு, அவள் நின்ற பிழையான இடத்துக்கே தம் குரலைக் கொண்டுபோய், அவளோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். நாற்பது ஆண்டு ஆர்மோனியத்துக்குப் பழகிய குரல் அங்கே நிற்க மாட்டாமல் நடுங்கியது. ஆயினும் அவர் விடவில்லை.

ஒருநாள் என்ற இடம் வந்தது. மகளின் குரல் ஏறியது. ஏறி, எங்கே நிற்பதென்று அறியாமல் அலைந்து, கம்மி, கீழே விழுந்தது. தந்தையும் கூடவே விழுந்தார். அவர் பாடியது அவளுக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. கோயில் கூரையினின்று நீர் சொட்டியது. ஜோஆன் கண்ணைத் திறந்தாள். வரிசை வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்தாள். தாழ்ந்த தலைகளைப் பார்த்தாள். வேண்டுதலில் தாழ்ந்தனவென்று எண்ணியிருக்க வேண்டும். அவள் பார்வை தாயைத் தேடி வந்து நின்றது.

"சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள், அத்தனை பேர் நடுவிலும், உரத்த குரலில்.

கண்ணால் காணாமல் ஒரு நாளும் ஒரு கட்டத்திலும் போடாதவள் செசிலியா. அவள் வலக்கையைத் தூக்கினாள். மகள் பார்க்க, மிஸ்ஸி பார்க்க, பீடத்திலிருந்தவர் பார்க்க, காற்றில் பெரிதாக ஒரு டிக் வரைந்தாள்.